மூன்றாம் வீட்டுக் கம்பி

கிதார் வாசித்துப் பிழைக்கும் ஐவி எந்த வீட்டிலும் பதினோரு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. வாடகைப் பத்திரத்தில் பதினோரு மாதம் என்று எழுதுவது வெறும் வழக்கம், முடிந்ததும் புதுப்பித்துக்கொண்டு பத்து வருஷம்கூட இருக்கலாம் என்பது ஊருக்கே தெரியும். அவள் மட்டும் அந்த வரியை எழுத்துக்கு எழுத்து நம்பி, பதினோராம் மாதக் கடைசியில் பாத்திரத்தையும் பாயையும் கட்டிக்கொண்டு அடுத்த பேட்டைக்குக் கிளம்பிவிடுவாள். கோவை ஆவாரம்பாளையத்தில் நாச்சிமுத்து வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகள் பத்தில் ஏழாவதற்கு அவள் குடிவந்தபோது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று, அது இருபதாவது வீடு.

இந்த முறை சாமான்களில் ஒன்று கூடுதலாக இருந்தது. போத்தனூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போன பெடல் ஸ்டீல் கிதார், அறுபது வருஷப் பழசு. மேசை மாதிரி நான்கு காலில் நிற்கும், மேலே பத்துக் கம்பி, கீழே மூன்று பெடல், முழங்காலால் தள்ளுவதற்கு இரண்டு லிவர். இடது கையால் ஓர் இரும்பு உருளையைக் கம்பிகள் மேல் சறுக்கி, வலது கை விரல்களால் மீட்டி, காலால் பெடலை மிதித்தால், ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் அறுபடாமல் மேலே ஏறும். லைனில் யாரும் அதைக் கிதார் என்று சொல்லவில்லை. பெட்டி என்றார்கள், அவளை மிஸ்ஸு என்றார்கள்.

வந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஐவி துருவேறிய பத்துக் கம்பிகளையும் கழற்றிப் போட்டுவிட்டு, வரவழைத்து வைத்திருந்த புதுக் கம்பிகளை மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, பதினொன்றாம் கேஜ் தடிமனுள்ள கம்பியை மூன்றாம் இடத்தில் மாட்டி முறுக்கத் தொடங்கினாள். எல்லாவற்றிலும் மெல்லியதும் எல்லாவற்றிலும் உயரமாகப் பாடுவதும் அதுதான். அது சுருதிக்கு வந்த நொடியில் லைனின் மூன்றாம் வீடு, இரண்டு பக்கச் சுவர்களிலும் உரசாமல், மேசையிலிருந்து இழுப்பறை வருவதுபோல ஓசையில்லாமல் தரையைவிட்டு ஒரு சாண் மேலே எழுந்து நின்றது.

மூன்றாம் வீட்டில் தனியாக இருந்த கலாமணி கதவைத் திறந்து கீழே பார்த்தாள். மிக்சி மோட்டாருக்குச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. கை வேலையை விட்டு எழுந்ததில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்.

"அட, ஒரு படி வேணுமாட்ட இருக்குதே" என்றவள், பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு இறங்கினாள்.

மதியத்துக்குள் பத்துக் கம்பிகளும் சுருதிக்கு வந்தன, பத்து வீடுகளும் ஒரு சாண் எழுந்தன. முதல் வீட்டில் இருந்த நாச்சிமுத்து பத்திரத்தை எடுத்துவந்து கண்ணாடி போட்டுக்கொண்டு ஏழாம் வீட்டு வாசலில் நின்றபடி முழுக்கப் படித்தார்.

"செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங் மிஸ்ஸு. ஊட்டெத் தூக்கக் கூடாதுன்னு போடலைங். சரி, அடுத்த பத்திரத்துல சேத்திக்கலாம்."

அதன் பிறகு லைன் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது. குழாய்க்காரர் வந்து இரும்புக் குழாய்களை அறுத்து இடையில் ரப்பர் ஹோஸ் கொடுத்தார், கேஸ் டியூப்களை ஒரு முழம் நீளமாக மாற்றிக்கொண்டார்கள், ஆறாம் வீட்டு லேத் டர்னர் ரங்கராஜ் பட்டறையில் மிச்சமிருந்த இரும்பு ஆங்கிளை வெட்டிப் பத்து வீட்டுக்கும் படி செய்து கொடுத்தார். மழை பெய்தபோது சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் அடியிலேயே ஓடிப் போயிற்று, எறும்புகள் சர்க்கரை டப்பாவைத் தேடி வந்து பாதியில் திரும்பின, வெயில் நேரத்தில் கோழிகள் ஐந்தாம் வீட்டுக்கு அடியில் படுத்தன, எப்போதோ தொலைந்த கரண்டியும் கொலுசுத் திருகும் கிடைத்தன. விருந்தாட்கள் வந்தால் செருப்பைக் கீழேயே விடச் சொன்னார்கள், வேறொன்றும் சொல்லவில்லை.

பெடல்களையும் பழகிக்கொண்டார்கள். ஐவி முதல் பெடலை மிதித்தால் ஐந்தாம் வீடும் பத்தாம் வீடும் இன்னொரு சாண் ஏறும், இரண்டாம் பெடலுக்கு மூன்றும் ஆறும் நான்கு விரற்கடை, மூன்றாம் பெடலுக்கு நான்கும் ஐந்தும் ஒரு சாண், காலை எடுத்தால் எல்லாம் மெதுவாகப் பழைய இடத்துக்கு இறங்கும். இரண்டும் எட்டும் ஒன்பதும் முழங்கால் லிவர்களில் லேசாக அசையும். ஒன்றாம் கம்பியும் ஏழாம் கம்பியும் எந்த இழுப்பிலும் இல்லை.

"ஏனுங் மிஸ்ஸு, என்ற ஊட்டுக்கும் ஒரு பெடல் வெக்க முடியாதுங்களா? சொந்தக்காரன் ஊடு சும்மா நிக்குது" என்று நாச்சிமுத்து கேட்டபடியே இருந்தார்.

எந்த இழுப்பிலும் இல்லாத இன்னொரு வீட்டில், அசையாத தன் ஏழாம் வீட்டில், ஐவி உட்கார்ந்து கால் மாற்றிக் கால் மிதித்துக்கொண்டிருந்தாள்.

கலாமணியின் சுற்று மிஷினில் எண்காட்டி கிடையாது. வாயால் எண்ணிக்கொண்டு கையால் சுற்ற வேண்டும், நூற்று எண்பது சுற்று என்றால் நூற்று எண்பது, ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடாகி மறு மாதமே திரும்பி வரும். வீடு நான்கு விரற்கடை ஏறும்போது அவள் எண்ணிக்கொண்டே ஏறினாள், இறங்கும்போது எண்ணிக்கொண்டே இறங்கினாள். அது அவளுக்குக் கைவந்துவிட்டது. கைவராதது விழுவதுதான். ஒன்பதாம் நாள் மூன்றாம் கம்பி அறுந்தது. வீடு இறங்கவில்லை, விழுந்தது, அலமாரியில் இருந்த டம்ளர்கள் உருண்டன, சுவரில் ஒரு விரிசல் ஓடிற்று, நூற்று முப்பத்தேழோ நூற்று முப்பத்தெட்டோ தெரியாமல் அவள் முழுக் காயிலையும் பிரித்தாள். ஐவி ஓடிவந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்ப் புதுக் கம்பி மாட்டினாள், வீடு எழுந்தது. எட்டு நாள் கழித்து அறுந்தது. பிறகு பத்து நாள். ஒவ்வொரு முறை எழுந்த பிறகும் கலாமணி எண்ணிக்கையோடு சேர்த்து இன்னொன்றையும் காதில் வைத்திருந்தாள், அது எப்போது அறும் என்பதை.

ஐந்தாம் முறை விழுந்த மறுநாள் லைன் கூடியது. அறுந்த கம்பித் துண்டை ரங்கராஜ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத்தனூண்டு கம்பியில ஊட்டெக் கட்டித் தொங்க உட்டா அறாம என்ன பண்ணும்? ஒரு சைஸ் கூடப் போடோணும். பட்டறையில போல்ட்டு உடைஞ்சா நாங்க அதானுங் பண்ணுவோம்."

"எல்லாத்துக்குமே ஒரு சைஸ் கூட்டிப் போட்டுருங்" என்றார் நாச்சிமுத்து.

"எனக்கு எத்தனாம் நம்பருங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள் பத்தாம் வீட்டுத் துளசிமணி. அவளும் காயில் சுற்றுகிறவள்.

"முப்பத்தாறு" என்றாள் ஐவி.

துளசிமணியின் முகம் மாறியது. காயில் கம்பியில் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். "முப்பத்தாறுன்னா தலைமுடி! நானும் என்ற மாமியாரும் தலைமுடியிலயா தொங்கறோம்? கலாமணிக்கு மட்டும் பதினொண்ணு, நல்ல தடிக் கம்பி!"

"அப்ப ஏன் அவ வீடு மட்டும் விழுது?" என்று கேட்டாள் ஐவி.

"உங்க பெட்டிக்கு அவளெக் கண்டா ஆகலெ."

ஐவி பெட்டிக்கு அழைத்துப் போய், கயிறுபோல் தடித்த பத்தாம் கம்பியைத் தொட்டுப் பார்க்கச் செய்தாள். இதில் நம்பர் ஏறினால் தடிமனும் ஏறும் என்று துளசிமணிக்குப் புரிந்தது.

"இருக்கட்டும். அதெ நாப்பத்திரெண்டு பண்ணீருங்க."

தடித்த கம்பி இந்தப் பெட்டிக்கு ஆகாது என்று ஐவிக்குத் தெரியும். ஆனால் இன்னும் ஒன்பது மாதம்தான் இருக்கப்போகிறோம், வாக்குவாதம் எதற்கு என்று நினைத்தாள். எல்லா ஊரிலும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். பத்திலும் தடித்த கம்பி ஏறிற்று. ரங்கராஜ் தன் ஆறாம் வீட்டுக்கு வெறுங்கம்பி வேண்டாம், மேலே இன்னொரு கம்பி சுற்றிய சுற்றுக்கம்பிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டாம் கேஜ் மூன்றாம் கம்பி இரண்டே நாளில் அறுந்தது. ரங்கராஜின் சுற்றுக்கம்பி அறவில்லை, ஆனால் உள்ளே அதன் மையம் மெலிசு என்பதால் பெடலின் இழுப்புக்கு அது சரியாக ஏறவும் இல்லை. "ஒரே பெடல், ஒரே மிதி. அவ ஊடு நாலு வெரல், என்ற ஊடு ரெண்டு வெரலா?" என்று அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இவை எல்லாவற்றையும்விட மோசமானது பிறகுதான் தெரிந்தது. பத்துத் தடித்த கம்பிகளின் மொத்த இழுவையைத் தாங்காமல் அறுபது வருஷப் பழைய மரம் மயிரிழை வளைந்திருந்தது, ஒரு கம்பியைப் பெடல் இழுத்தால் மரம் இன்னும் கொஞ்சம் வளைந்து மற்றக் கம்பிகள் தளர்ந்தன. ஐந்தாம் வீடு ஒரு சாண் ஏறினால் இழுப்பில் இல்லாத வீடெல்லாம் ஒரு விரல் இறங்கியது. இட்லிப் பானை சாய்ந்தது, எண்ணெய் விளக்கு சிந்தியது, சாக்கடைத் தண்ணீர் முதல் வீட்டு வாசலை நக்கியது.

"நீங்க ஏறுனா நாங்க எறங்கறோம்" என்றார்கள் இறங்கிய வீட்டார்.

"நாங்களா ஏறறோம்? அந்தம்மா மிதிக்குது."

"அப்ப ஆரும் ஏற வேண்டாம். மிதிக்காம வாசிக்கட்டும்."

அப்படித்தான் முடிவாயிற்று. ஐவி பெடல் ஸ்டீல் கிதாரின் முன்னால் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டு மாதம் மிதிக்கவில்லை. சோறு வடிக்கும்போது அவள் கால் தரையில் தானாக அழுந்தி எழுந்தது, கடையில் நிற்கும்போது அழுந்தி எழுந்தது, தூக்கத்தில் போர்வையை உதைத்தது. கம்பி மட்டும் அறுந்துகொண்டிருந்தது. கலாமணி மட்டும் விழுந்துகொண்டிருந்தாள்.

பதினோராம் மாதம் கொச்சியிலிருந்து போன் வந்தது. கடற்கரை ஓட்டல் ஒன்றில் மாலை வாசிப்புக்கு ஆள் வேண்டும், சனிக்கிழமைக்குள் ஐந்து பாட்டுப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். ஐவி போனை வைத்துவிட்டு நேராக மூன்றாம் வீட்டுக்குப் போனாள்.

"கலா, நான் எல்லாத்தையும் திரும்ப மெலிசாக்கப் போறேன். மிதிக்காம பாட்டு அனுப்ப முடியாது."

கலாமணி மிஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நூற்று அறுபது வரை எண்ணி, எண் தவறாமல் இருக்கக் கம்பியில் அடையாளமாகத் துணி முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அன்னிக்கே சொல்லியிருப்பேனுங்கா, ஆரும் கேக்கலெ. மோட்டாருல காயிலு எறங்கற ஸ்லாட்டு முக்குல தடிக் கம்பியெ மடக்குனா முக்குலயே சாகும். மெலிசு வளைஞ்சு போயிரும். உங்க பெட்டியிலயும் கம்பி ஒரு முக்குல வளைஞ்சுதானே எறங்குது?"

"நீ சொல்லு அவங்களுக்கு. எல்லாரும் ஒரு மத்தியானம் வெளிய நிக்கணும். பத்துக் கம்பியையும் ஒண்ணா இறக்கினாத்தான் மரம் நிமிரும்."

லைன் ஒப்புக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. கலாமணி முதலில் வந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்றாள், அதன் பிறகு துளசிமணி மாமியாரை நாற்காலியோடு இறக்கினாள், ரங்கராஜ் டிவியை வேட்டியில் சுற்றிக்கொண்டு வந்தார், கடைசியாக நாச்சிமுத்து பத்திரங்கள் இருந்த டிரங்குப் பெட்டியோடு வந்தார். கம்பிகளை முறுக்கும் சாவிகளை ஐவி ஒவ்வொன்றாகத் தளர்த்த, வீடுகள் அந்தந்த அளவுக்கு இறங்கி, மூன்றாவதைத் தவிர எதுவும் பல மாதமாகத் தொடாத தரையில் மெல்ல உட்கார்ந்தன. வெளியே நின்றவர்களுக்குத் தங்கள் வீடுகள் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தன.

மரம் நிமிர ஒரு மணி நேரம் விட்டு, மெல்லிய கம்பிகளை ஐவி மாட்டத் தொடங்கினாள். பதின்மூன்று, பதினைந்து, பதினான்கு, பதினேழு. ரங்கராஜுக்கு இருபதாம் கேஜ் வெறுங்கம்பி. துளசிமணிக்குப் பழைய முப்பத்தாறு, இந்த முறை அவள் வாய் திறக்கவில்லை. ஒன்பது வீடுகள் லேசாக எழுந்து நின்றன. பெடலை மிதித்தாள். ஐந்தாம் வீடு ஏறியது, பக்கத்து வீடுகளில் பாத்திரத்துத் தண்ணீர்கூட அலம்பவில்லை.

பதினொன்றாம் கேஜ் சுருளை எடுத்தபோது கலாமணி வாசலில் நின்றிருந்தாள்.

"என்ற ஊட்டுக்கு வேண்டாமுங்கா."

ஐவிக்கு முதலில் புரியவில்லை. "வேண்டாம்னா?"

"கம்பியே வேண்டாம். அது தரையிலயே கெடக்கட்டும். பதினோரு மாசத்துல எத்தனெ தடவெ விழுந்தேன்னு நீங்க எண்ணலெ. நான் எண்ணியிருக்கேன். முப்பத்தொண்ணு."

"கலா, மூணாம் கம்பியிலதான் பாட்டே இருக்கு. மத்ததெல்லாம் அதுக்குத் துணை."

"என்ற ஊட்டுல நான் மட்டுந்தான் இருக்கேன். எனக்குத் தொணெ தரெதான்."

துளசிமணி குறுக்கே வந்தாள். "ஏ புள்ள, மழத்தண்ணி உள்ள வருமே."

"வந்தா வழிச்சு உடறேன்."

ஐவி சுருளைக் காகித உறையில் போட்டு மூடினாள். அந்த வாரம் ஒன்பது கம்பியில், இல்லாத கம்பியைச் சுற்றிச் சுற்றி விலகிப் போகிற மாதிரி ஐந்து பாட்டு வாசித்து அனுப்பினாள். ஓட்டல்காரர்கள் எந்தக் குறையும் சொல்லவில்லை, ஒன்றாம் தேதி வரச் சொன்னார்கள்.

போகும் முன் லைன் ஒரு சோதனை கேட்டது. பெட்டியைச் சுருதி இறக்காமல் வண்டியில் ஏற்றி அவிநாசி வரை கொண்டுபோய்த் திரும்பினார்கள், வீடுகள் அப்படியே நின்றன. தூரம் ஒரு பொருட்டல்ல என்று உறுதியான பிறகுதான் நாச்சிமுத்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அவளை விட்டார். ஏழாம் வீட்டுக்கு வேறு ஒரு குடும்பம் வந்தது. வீடு ஒரு சாண் மேலே இருப்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

கொச்சியில் தினமும் நாலு மணிக்கு ஒத்திகை என்பதை லைன் இரண்டு நாளில் கண்டுகொண்டது. ஐந்தாம் வீடும் பத்தாம் வீடும் ஏறும், "மிஸ்ஸு உக்காந்தாச்சு" என்பார்கள், அடுப்பைக் குறைப்பார்கள். வரிசையில் மூன்றாம் வீடு மட்டும் விழுந்த பல்லின் இடம்போல் பள்ளமாகக் கிடந்தது. அங்கே எதுவும் அசையவில்லை, விளிம்பில் வைத்த டம்ளர் விளிம்பிலேயே இருந்தது. முதல் வாரம் கலாமணி முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குக் காயில்கள் சுற்றினாள். இரண்டாம் வாரம் ஒன்று திரும்பி வந்தது. மறுநாள் இரண்டு. நாலு மணியானால் பக்கத்து வீடு ஏறும் நிழல் ஜன்னலில் தெரியும், அவள் நாக்கில் எண் நின்றுவிடும், இப்போது என்று உடம்பு தூக்கிக்கொள்ளும், தரை இருந்த இடத்திலேயே இருக்கும். தரையைக் காலால் தட்டிப் பார்த்தாள். பாயை இடம் மாற்றிப் போட்டாள். மிஷினை ரோட்டுக்குக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் சுற்றிப் பார்த்தாள், அங்கேயும் நாலு மணிக்கு எண் தவறியது.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை, அலமாரியில் இருந்த பாத்திரங்களையெல்லாம் எடுத்துத் தரையில் வைத்து, மிஷினை ஜமுக்காளத்தில் சுற்றி வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு எர்ணாகுளம் ரயில் ஏறினாள். பாலக்காட்டுக்கு அப்பால் அவள் போனதில்லை.

ஓட்டலின் பின்வாசல் வழியாக விசாரித்துக்கொண்டு கூடத்துக்குள் போனபோது மூன்றே முக்கால். நாற்காலிகள் எல்லாம் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. ஐவி பெட்டியின் முன்னால் உட்கார்ந்து உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கலா? லைன்ல யாருக்காவது ஏதாவதா?"

"ஒண்ணுமில்லீங்கா. கம்பி வெச்சிருக்கீங்களா?"

ஐவி அவளையே பார்த்தாள்.

"விழுகும்னு உக்காந்திருந்தேன். இப்ப விழுகாதுன்னு உக்காந்திருக்கேன். இது அதெவிட மோசமா இருக்குது" என்றாள் கலாமணி.

ஐவி பையிலிருந்து மூன்று காகித உறைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். கலாமணி ஒவ்வொன்றையும் பிரித்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் ஓட்டிப் பார்த்தாள். பன்னிரண்டை உடனே திருப்பிக் கொடுத்தாள்.

"இது?"

"பத்து. ரொம்ப நாள் நிக்கும். சத்தம் சன்னமா வரும்."

"இது பதினொண்ணு. இது எப்படிப் பாடும்?"

"நீதான் பதினோரு மாசம் கேட்டியே."

"நான் எங்கெ கேட்டேன்? அறுதான்னுதான் கேட்டுட்டிருந்தேன்."

ஐவி உருளையைக் கீழே வைத்தாள். பிறகு, "நல்லாப் பாடும். என்னிக்காவது அறும்" என்றாள்.

கலாமணி பதினொன்றை வைத்துக்கொண்டாள். ஐவி எழுந்து இடம் விட, அவளே கம்பியைக் கோத்து, சுற்றுகிறவளின் கையால், ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாமல் நெருக்கமாக முளையில் சுற்றினாள். ஐவி சாவியைத் திருகினாள். கம்பி முனகி, இழுபட்டு, மெல்லச் சுருதிக்கு வந்தது. கலாமணி நாற்காலி ஒன்றை இறக்கிப் போட்டு, ஐவியின் கால்கள் தெரிகிற பக்கமாக உட்கார்ந்தாள்.

வாசிப்பு தொடங்கி இரண்டு நிமிடம் இருக்கும், அவள் போன் அடித்தது.

"ஏ கலாமணி!" துளசிமணியின் குரல் மூச்சு வாங்கியது. "உன்ற ஊடு எந்திரிச்சு நிக்குது புள்ள. பூட்டுன ஊடு. நீ உள்ளயா இருக்கறே?"

"இல்லீங்கா. நான் வெளிய இருக்கேன்."

"ரங்கராஜெல்லாம் வந்து நின்னு பாத்துட்டிருக்காங்க. உள்ள ஆருமில்லாம அது பாட்டுக்கு..."

ஐவியின் இடது கால் பெடல்கள் மேல் நகர்ந்து, இரண்டாவதன் மேல் வந்து நின்றது. அது அழுந்தவில்லை இன்னும். மீட்டிய சுரம் கூடத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. கலாமணி அந்தக் காலை விட்டுக் கண்ணை எடுக்காமல் போனைக் காதோடு அழுத்தினாள்.

"இருங்க, பாத்துட்டே இருங்க" என்றாள். "இப்ப ஏறும்."